மாய நாட்டின் வாயில்

சென்ற திங்கள் மயூர் விஹாரிலுள்ள மகள் வீட்டிற்குச் சென்றிருந்தேன். பத்து வயது நிரம்பிய என் பேத்தி ஓர் ஆங்கிலக் கதைநூலில் மூழ்கியிருந்தாள். துணி அலமாரிக்குள் புகுந்த சிறுவர்கள் பனி மூடிய வேறோர் உலகத்தில் வெளிப்படும் கதை அது, சி. எஸ். லூயிஸ் என்பார் எழுதி 1950இல் வெளிவந்தது. "தாத்தா, இந்த மாதிரிக் கதை நம் ஊரில் கிடையாதா?" என்று கேட்டாள். 'நம் ஊர்' என்று அவள் கூறியது தமிழ்நாட்டையா, தான் பிறந்து வளரும் டில்லியையா என்பது எனக்கு விளங்கவில்லை. ஆதலின் இரண்டிற்கும் விடை கூற முற்பட்டேன்.

முதலில் டில்லி. ஜும்மா மசூதியின் படிகளை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். கதைசொல்லி ஒருவர் அங்கே அமர்ந்து அமீர் ஹம்சாவின் கதையைக் கூறுவார் என்று, சர் சையத் அகமது கான் 1847இல் வெளியிட்ட டில்லிக் கட்டடங்கள் பற்றிய நூலில் குறித்துள்ளார். இக்கலைக்குத் 'தாஸ்தான்கோயி' என்று பெயர். அக்பர் சக்கரவர்த்தி இக்கதையில் பெருவிருப்பம் கொண்டு, சுமார் 1400 ஓவியங்களுடன் அதனை எழுதுவித்தார். பிற்காலத்தில் லக்னோ நவல் கிஷோர் அச்சகம் அதனை உருது மொழியில் 46 பெருந்தொகுதிகளாக வெளியிட்டது. அவற்றுள் புகழ் மிக்க பகுதி, 1883 முதல் வெளிவந்த 'திலிஸ்மே ஹோஷ்ருபா'.

திலிஸ்ம் என்பது மந்திரத்தால் படைக்கப்பட்ட மற்றோர் உலகம். அதற்குத் தனி நாடுகள் உண்டு. தனி விதிகளும் உண்டு. ஹோஷ்ருபாவில் கண்ணுக்குப் புலனாகும் நாடு ஒன்று, மறைந்த நாடு ஒன்று, இருள் நாடு ஒன்று என மூன்று பகுதிகள். முதலிரண்டிற்கும் இடையே குருதி ஆறு ஓடுகிறது. அதன்மீது புகையாலான பாலம். அந்நாட்டின் பேரரசன் அப்ராசியாப் என்னும் மாயாவி. அதனுள் நுழைவது எளிது, மீள்வதே அரிது. வாள்வலிமை மட்டும் அங்கே பயன்படாது. திலிஸ்மை உடைப்பதற்குரியவன் இன்னான் என்று முன்னரே விதிக்கப்பட்டிருக்கும். உடைக்கும் வழியைக் கூறும் பலகை எங்கோ மறைத்து வைக்கப்பட்டிருக்கும். அப்பலகையைத் தேடுவதே கதையின் மர்மம். ஊரையே உள்ளடக்கும் மாயப் பையுடன் அமர் என்னும் தந்திரசாலி செய்யும் குறும்புகளோ, சிறுவர் உள்ளத்தைக் கொள்ளை கொள்வன. 1888இல் தேவகிநந்தன் கத்ரி எழுதிய 'சந்திரகாந்தா' என்னும் இந்தி நாவலும் இத்தகைய திலிஸ்மைக் கொண்டதே. அதனைப் படிப்பதற்காகவே பலர் இந்தி கற்றனர் என்பர்.

இனி, தமிழ். அரக்கனின் உயிர் ஏழு கடலும் ஏழு மலையும் தாண்டி, ஒரு கிளியினுள் ஒளிந்திருக்கிறது என்று நம் பாட்டிமார் கூறிய கதையிலும் இதே மர்மம் அமைந்திருக்கிறதன்றோ? மணிமேகலை ஒரே இரவில் மணிபல்லவத் தீவிற்கு எடுத்துச் செல்லப்பட்டு, அங்கே தன் முற்பிறப்பை அறிந்ததும் வேற்றுலகக் கதையே. நம்மிடம் கதைக்குப் பஞ்சம் இல்லை. பஞ்சம் சொல்லுவார்க்கே.

டில்லியின் கடைசிப் பெருங்கதைசொல்லியான மீர் பாக்கர் அலி 1928இல் மறைந்தார். இறுதிக் காலத்தில் அவர் பாக்கு விற்றுப் பிழைத்தார் என்பர். அவருடன் அக்கலையும் ஓய்ந்தது. 46 தொகுதிகளும் அச்சில் வந்திருந்தன. ஆயினும் வாய்விட்டுச் சொல்வார் இல்லாமையால் கதை உறங்கியது. அறிஞர் சம்சுர் ரகுமான் பாரூக்கியின் தூண்டுதலால் 2005இல்தான் டில்லியில் அக்கலை மீண்டும் அரங்கேறியது. இடைப்பட்ட ஆண்டுகள் 77.

இதனை எழுதும்போது என் குறையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அலுவலகமே கதி என்று கிடந்த நாட்களில் என் மகளுக்கு ஒரு கதையேனும் நான் சொன்னதில்லை. அலமாரி நிறையத் தமிழ் நூல்கள் இருந்தன. அதுவே போதும் என்று எண்ணினேன். இன்று அவள் தமிழ் பேசுகிறாள், படிப்பதில்லை. அவள் மகளோ பாதித் தமிழும் பாதி இந்தியுமாகப் பேசுகிறாள். புத்தகம் வாங்கி வைத்தல் வேறு, பிள்ளையின் அருகே அமர்ந்து சொல்லுதல் வேறு என்பதை நான் காலந்தாழ்ந்தே உணர்ந்தேன்.

அன்றிரவு பேத்திக்குக் கிளியின் கதையைத் தொடங்கினேன். மூன்றாம் கடலைத் தாண்டியதும் எனக்கு வழி மறந்துவிட்டது. "அப்புறம் என்ன ஆச்சு?" என்று அவள் விடவில்லை. கும்பகோணத்திலுள்ள என் தமக்கையாரைத் தொலைபேசியில் அழைத்தோம். எண்பது வயதைக் கடந்த அவர், ஒரு கடலும் விடாமல் ஏழையும் தாண்டுவித்தார். விளங்காத சொல் வந்த இடத்திலெல்லாம் குழந்தை இடைமறித்துப் பொருள் கேட்டாள். முடிவில், "நாளைக்கு வேறு கதை சொல்லுங்கள், அத்தைப் பாட்டி" என்றாள்.

அன்பர்களே, கரோல்பாக்கிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் வாழும் நம் இல்லங்களில் கதை அறிந்த முதியோர் இன்னும் சிலர் இருக்கின்றனர். மற்றவர் ஊரில் இருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு இரவுதோறும் கால்மணி நேரம் ஒதுக்கி, அரைகுறையாக நினைவிருப்பினும் தயங்காமல் சொல்லத் தொடங்குங்கள். மறந்த இடத்தைப் பிள்ளைகளே கேட்டு நிரப்பிக்கொள்வார்கள்.