கரடி பாய்ந்தால் ரிவால்வரா, ஸ்பிரேயா? அமெரிக்கக் காடுகளில் ஓயாத விவாதம்... ஆய்வுகள் சொல்வது என்ன?

மணிக்கு சுமார் 56 கிலோமீட்டர். பழுப்புக் கரடி ஒன்று முழு வேகத்தில் ஓடினால் இதுதான் கணக்கு. 30 மீட்டர் தூரத்தில் புதருக்குள் இருந்து அது பாய்ந்தால், உங்களிடம் வர இரண்டே விநாடிதான். அந்த இரண்டு விநாடியில் கையில் என்ன இருக்கணும்?

அலாஸ்கா, மொன்டானா, வயோமிங் மாகாணங்களில் மலையேறுபவர்கள், மீன்பிடிப்பவர்கள் மத்தியில் பல ஆண்டுகளாக ஓடும் சண்டை இது. ஒரு தரப்பு பெரிய ரிவால்வர் என்கிறது. இன்னொரு தரப்பு மிளகாய் ஸ்பிரே போதும் என்கிறது.

ஏன் ரிவால்வர்?

மீன்பிடிக்கும்போது இரண்டு கையும் வேலையில் இருக்கும். தோளில் ரைஃபிள் மாட்டிக்கொண்டு தூண்டில் வீச முடியாது. அதனால்தான் இடுப்பிலோ மார்பு உறையிலோ ரிவால்வர்.

இதில் பிரபலமானது 1955-ல் வந்த .44 மேக்னம். 1971-ல் வெளியான 'டர்ட்டி ஹாரி' படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் கையில் இருந்தது இந்த ரகம்தான். 2003-ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இன்னும் பெரிதாக .500 மேக்னத்தைக் கொண்டுவந்தது. ஐந்தே தோட்டாதான். நீளக் குழல் கொண்ட மாடலின் எடை சுமார் 2 கிலோ.

பெரிதாக இருந்தால் நல்லதுதானே?

அங்கேதான் சிக்கல். தோட்டா பெரிதாக ஆக, பின்னுதைப்பும் கூடும். முதல் குண்டு வெடித்ததும் கை மேலே தூக்கிக்கொள்ளும். மறுபடி குறி பார்ப்பதற்குள் கரடி மேலே விழுந்திருக்கும். எடை குறைந்த ரிவால்வரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. உதைப்பின் வேகத்தில் அடுத்த தோட்டாக்களின் ஈயமுனை முன்னுக்கு நழுவி, உருளை சுற்றாமல் சிக்கிக்கொள்ளலாம். கனமான துப்பாக்கியில் உதைப்பு குறையும். ஆனால், அதைத் தூக்கிச் சுமக்க அலுத்து கூடாரத்திலேயே வைத்துவிட்டுப் போனால் என்ன பயன்?

தோட்டாவிலும் கவனம் வேண்டும். மனிதர்களிடமிருந்து தற்காத்துக்கொள்ள விற்கப்படும் குழிமுனைத் தோட்டா உடலுக்குள் விரிந்து சீக்கிரம் நின்றுவிடும். கரடிக்கோ தடித்த தசை, பெரிய எலும்பு. அதனால் விரியாமல் ஆழமாக ஊடுருவும், கடினமாக வார்த்த தட்டைமுனை ஈயத் தோட்டாவைத்தான் அனுபவசாலிகள் தேர்வு செய்கிறார்கள்.

புள்ளிவிவரம் யார் பக்கம்?

கரடி ஆய்வாளர்கள் டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ குழு அலாஸ்காவில் இரண்டையும் ஆராய்ந்தது. 2008-ல் வெளியான ஆய்வில், பழுப்புக் கரடிகளின் தொல்லையை 92 சதவீத முறை ஸ்பிரே நிறுத்தியது. ஸ்பிரே வைத்திருந்தவர்களில் 98 சதவீதம் பேருக்குக் காயமே இல்லை.

2012-ல் வெளியான ஆய்வு, துப்பாக்கி சம்பந்தப்பட்ட 269 சம்பவங்களை எடுத்துப் பார்த்தது. கைத்துப்பாக்கி 84 சதவீதமும், நீளத் துப்பாக்கி 76 சதவீதமும் வெற்றி. ஆனால், துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும் பயன்படுத்தாதவர்களுக்கும் காயமடைவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அப்போ ஸ்பிரேதான் ஜெயித்ததா? அவசரப்படாதீங்க. ஸ்பிரே பட்டியலில், பாய்ந்து வந்த கரடிகளோடு, சும்மா மோப்பம் பிடிக்க வந்தவையும் உண்டு. துப்பாக்கிப் பட்டியலில் மூர்க்கமான தாக்குதல்கள் அதிகம். அதனால் இந்த இரண்டு சதவீதங்களையும் நேருக்கு நேர் வைத்து மார்க் போட முடியாது. ஆனால் ஒன்று நிச்சயம். ஸ்பிரே மேகம்போலப் பரவுவதால், நடுங்கும் கைக்கும் துல்லியக் குறி தேவையில்லை. எதிர்க்காற்று அடித்தால் மட்டும் அதன் பலம் குறையும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2010 பிப்ரவரி 22 முதல், அந்தந்த மாகாணச் சட்டப்படி தேசியப் பூங்காக்களுக்குள் துப்பாக்கி கொண்டுபோகலாம். ஆனால், கொண்டுபோகத்தான் அனுமதி, சுடுவதற்கு அல்ல. யெல்லோஸ்டோன் பூங்கா நிர்வாகம் பரிந்துரைப்பது ஸ்பிரேயைத்தான். அதேநேரம் யோசெமிட்டியில் ஸ்பிரேக்கே தடை.

அலாஸ்காவில் உயிரைக் காக்க கரடியைச் சுட்டாலும் கதை அதோடு முடியாது. தோலையும் மண்டை ஓட்டையும் அரசிடம் ஒப்படைக்கணும். 15 நாளுக்குள் அறிக்கையும் தரணும்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்களும் இதைக் கவனிக்கணும். ஹெச்1பி, சுற்றுலா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது பொதுவாகக் கூட்டாட்சிக் குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. நண்பரின் ரிவால்வரை ஒருநாள் இரவல் வாங்கினாலும் சிக்கல்தான். ஸ்பிரேயையும் ஊரிலிருந்து விமானத்தில் எடுத்துப் போக முடியாது, அங்கேயே வாங்கணும்.

கடைசியில் எது?

ரிவால்வரோ ஸ்பிரேயோ, பைக்குள் இருந்தால் இரண்டுமே வீண். கைக்கு எட்டும் இடத்தில் இருக்கணும், எடுத்துப் பழகியிருக்கணும். அதைவிட முக்கியம், கரடியைத் திடுக்கிட வைக்காமல் இருப்பது. கூட்டமாக நடங்க, சத்தமாகப் பேசிக்கிட்டே போங்க, சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்காதீங்க. பூங்காவில் கரடியைப் பார்த்தால் குறைந்தது 91 மீட்டர் தள்ளியே நில்லுங்க. அந்த இரண்டு விநாடி வராமல் பார்த்துக்கொள்வதுதான் உண்மையான பாதுகாப்பு.