‘கேஸ்’ என்று சொல்லாதீர்கள், ‘பேர் போகும்’ என்று சொல்லுங்கள்!



சாப்பிட்ட பிறகு குமட்டுகிறது என்று நம் லயத்தில் யாராவது சொன்னால் வருகிற பதில் ஒன்றுதான்: “கேஸ்.” ஒரு சோடா, ஒரு இஞ்சித் தேத்தண்ணி, கடையில் இரண்டு மாத்திரை. காலையில் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். அநேகமான நேரம் அது கேஸாகவே இருக்கும். அதனால்தான் இந்தப் பழக்கம் ஆபத்தானது. பத்துத் தடவை சரியாக இருந்த பதில் பதினோராவது தடவை ஆளைக் கொண்டுபோய்விடும்.

போன ஆனித் திருவிழாவுக்கு எங்கள் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலுக்குப் போனோம். குறிகட்டுவானில் இறங்கி, படகேறி, சாமி கும்பிட்டு, அன்னதானமும் சாப்பிட்டோம். கொஞ்ச நேரத்தில் கூட வந்த ஒரு அக்காவுக்குக் குமட்டல். முப்பது வருடம் கொழுந்தெடுத்தவர், சீனி வருத்தம் உள்ளவர். வாந்தி வரவில்லை. நெஞ்சு வலி என்றும் சொல்லவில்லை. ஆனால் சேலை நனைகிற மாதிரிக் குளிர்ந்த வேர்வை. “வெயில்”, “படகு ஆட்டம்”, “கேஸ்” என்று ஆளுக்கொன்று சொன்னோம். நானும்தான் சொன்னேன். அக்கா சொன்னது வேறு: “ஒண்ணுமில்ல டீச்சர், பஸ்ஸுக்குப் போவோம். நாளைக்குப் பேரு போயிரும்.”

பக்கத்தில் பனங்கட்டி விற்றுக்கொண்டிருந்த தீவுக்கார அம்மா ஒருவர் எங்களைப் பிடித்து நிறுத்தினார். “எல்லாரும் ஒரே பந்தியிலைதானே சாப்பிட்டனியள்? உங்களுக்கு ஒண்டுமில்லை, இவவுக்கு மட்டும் ஏன்? படகு நிக்கேக்கையே டொக்டரிட்டைக் காட்டுங்கோ. சோளகம் எழும்பினாப் பிறகு கடலைக் கெஞ்சேலாது.”

தீவு ஆஸ்பத்திரியில் ஈசீஜி எடுத்தார்கள். மாரடைப்பு. உடனே படகில் ஏற்றி யாழ்ப்பாணம் அனுப்பினார்கள். அக்கா இன்றைக்கு நம்மோடு இருக்கிறார். பெண்களுக்கும் சீனி வருத்தக்காரருக்கும் மாரடைப்பு சில நேரம் நெஞ்சு வலி இல்லாமல், வெறும் குமட்டலாகவும் வேர்வையாகவும் வரும் என்று அன்றைக்குத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

அந்த அம்மா படித்த டொக்டர் இல்லை. நெடுந்தீவுக்காரர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் குறிகட்டுவானுக்கே ஒரு மணித்தியாலம் கடலில் வர வேண்டும். நயினாதீவுக்காரரும் படகை நம்பித்தான் இருக்கிறார்கள். தூரம் தெரிந்ததால் அவர்கள் நேரத்தோடு முடிவெடுக்கிறார்கள். நமக்குக் கடல் இல்லை, ஆனால் மழைக்கு இடிந்த தோட்டத்து ரோட்டு இருக்கிறது. ராத்திரியில் கொழுந்து லொறியைத் தேடுகிற நிலைமை இருக்கிறது. அப்படியிருந்தும் நாம் காத்திருக்கிறோம். அறியாமையால் மட்டுமா? இல்லை. அரை நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் அரைப்பேர், முழுநாள் போனால் பேரே இல்லை. இந்தப் பயத்துக்குத்தான் நாம் ‘கேஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறோம்.

முதலில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொள்வோம்.

ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்ட பலருக்கும் வாந்தி, வயிற்றோட்டம் என்றால் சாப்பாட்டில் கோளாறு இருக்கலாம். ஒருவருக்கு மட்டும் என்றால் அவர் உடம்பைப் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் உடம்பு வலி மாத்திரை போடுவது, புகையிலை சேர்த்து வெற்றிலை போடுவது, பசியோடு இருந்துவிட்டு அவசரமாக விழுங்குவது எல்லாம் குமட்டலைக் கொண்டுவரும். இளம் பெண்ணென்றால் கர்ப்பமாகவும் இருக்கலாம். எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு வலது விலாவுக்குக் கீழே வலித்தால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம்.

லேசான குமட்டலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடித்து, கஞ்சி குடித்து ஓய்வெடுக்கலாம். வாந்தியும் வயிற்றோட்டமும் இருந்தால் ஜீவனி ஒரு பக்கெட்டை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து, மிடறு மிடறாகக் கொடுங்கள்.

ஆனால் கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது:

– நெஞ்சு, தாடை, கை, முதுகில் வலி அல்லது இறுக்கம், குளிர்ந்த வேர்வை, மூச்சு முட்டல், மயக்கம்.

– வாந்தியில் இரத்தம், அல்லது கோப்பித்தூள் மாதிரி. தார் போலக் கறுத்த மலம். பச்சை நிற வாந்தி.

– தாங்க முடியாத வயிற்று வலி, கல்லாக இறுகிய வயிறு.

– கடும் தலைவலியோடு கழுத்து விறைப்பு. பேச்சுக் குழறல், தடுமாற்றம்.

– தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல், எட்டு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது. பிள்ளையென்றால் அழுதும் கண்ணீர் வராமை, குழிந்த கண், சோர்ந்து தூங்கிக்கொண்டே இருப்பது.

– மீன் சாப்பிட்ட பிறகு உதடும் நாக்கும் மரத்துப்போவது. பேத்தை மீனின் விஷம் சமைத்தாலும் போகாது. அது மூச்சையே நிறுத்தும்.

– மருந்தடித்தவருக்குக் குமட்டலோடு எச்சில் வடிதல், வேர்வை, பார்வை மங்கல். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்துப் போத்தலின் லேபலைக் கையோடு கொண்டுபோங்கள்.

உடனே 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அது இலவசம்.

கண் மஞ்சளாகி, சிறுநீர் தேத்தண்ணி நிறமானால் அன்றைக்கே டொக்டரிடம் காட்டுங்கள். பெரியவருக்கு இரண்டு நாளுக்கு மேலும் பிள்ளைக்கு ஒரு நாளுக்கு மேலும் வாந்தி நின்றபாடில்லையென்றாலும், கர்ப்பிணிக்கு எதுவும் தங்கவில்லையென்றாலும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காதீர்கள். வாரக்கணக்கில் குமட்டி உடம்பு மெலிந்தால், விழுங்கக் கஷ்டமாக இருந்தால், கடை மாத்திரையை விட்டுவிட்டு டொக்டரிடம் போங்கள்.

இவ்வளவும் நம் பொறுப்பு. இனி நிர்வாகத்தின் பொறுப்பைக் கேட்போம்.

தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி கொடுக்க வேண்டும் என்று வெள்ளைக்காரன் 1872-இலேயே சட்டம் போட்டான். நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகும் நாம் கொழுந்து லொறியில் நோயாளியை ஏற்றிக்கொண்டிருக்கிறோம். “தொழிலாளர் நேரத்தோடு ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை” என்று கூட்டங்களில் நமக்குப் புத்தி சொல்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: நேரத்தோடு போனவரின் பேரை வெட்டுவது யார்?

நம் கோரிக்கைகள் நான்கு. ஆஸ்பத்திரித் துண்டு காட்டினால் பேர் வெட்டக் கூடாது. ராத்திரியில் ஒரு வாகனமும் சாரதியும் தயாராக இருக்க வேண்டும். டிஸ்பென்சரி வேலை நாள் முழுவதும் திறந்திருக்க வேண்டும். சோறு திங்குமுன் கை கழுவ மலையில் தண்ணீரும் சவர்க்காரமும் வேண்டும், மருந்தடிப்பவருக்குக் கட்டாயமாக வேண்டும்.

சங்கத்துக்கும் ஒரு சொல். சம்பளப் பேச்சில் காட்டும் மூச்சை நாம் இதில் காட்டவில்லை. வருகிற மாதத் தலைவர் கூட்டத்தில் இந்த நான்கும் முதலாவதாக எடுக்கப்பட வேண்டும். பேர் வெட்டப்பட்டவர்கள் திகதியையும் ஆஸ்பத்திரித் துண்டையும் உங்கள் மாதர் சங்கத் தலைவியிடம் கொடுத்து வையுங்கள். கூட்டத்துக்கு நான் கொண்டுபோகிறேன். அதுவரை இந்தப் பக்கத்தை வெட்டி லயத்துச் சுவரில் ஒட்டுங்கள். வாசிக்கத் தெரியாத பாட்டிமாருக்குப் பிள்ளைகள் வாசித்துக் காட்டுங்கள்.