அட்டவணைப்படி வண்டி ஓடட்டும்: சென்னைப் புறநகர் ரயில் சேவை குறித்து எங்கள் நிலைப்பாடு

சென்னைப் புறநகர் ரயில்களின் தரம் பற்றிப் பேச்சு எழுந்தால் புதிய பெட்டி, ஏசி, எஸ்கலேட்டர் ஆகியவையே முதலில் வருகின்றன. அவையும் வேண்டியவைதான். ஆனால் அட்டவணையில் போட்ட வண்டி, போட்ட நேரத்துக்கு, போட்ட பிளாட்பாரத்துக்கு வருவதே தரத்தின் முதல் அளவுகோல் என்பது பயணிகள் சங்கமாகிய எங்கள் நிலைப்பாடு. பயணிகளின் உயிர் இதில் அடங்கியிருப்பதால் இதை அழுத்தமாகச் சொல்கிறோம்.

பின்னணி

1931 மே 11 அன்று சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர் கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பல்லாவரமும் குரோம்பேட்டையும் நகரத்தோடு ஒட்டி வளர்ந்ததில் இந்தப் பாதைக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று செங்கல்பட்டு, அரக்கோணம், கும்மிடிப்பூண்டி எனச் சேவை நீண்டுவிட்டது. கடை ஊழியர்கள், வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள், கட்டடத் தொழிலாளர்கள், மாணவர்கள் என அன்றாடம் நகருக்குள் வந்து திரும்புகிறவர்களுக்கு 5 ரூபாயில் தொடங்கும் டிக்கெட்டும் சீசன் பாஸுமே ஆதாரம். இவ்வளவு தூரத்தை இந்தக் கட்டணத்தில் இவ்வளவு விரைவாகக் கடக்க அவர்களுக்கு வேறு வழி இல்லை.

தாமதம் ஆபத்தாவது எப்படி

மாலை ஆறு மணி மாம்பலத்தை எடுத்துக்கொள்வோம். ரங்கநாதன் தெருப் பக்கமிருந்து கூட்டம் இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு வண்டி ரத்தானால் அடுத்த வண்டியில் இரண்டு வண்டிக் கூட்டம் ஏறும். ஏறி இறங்க நேரம் பிடிப்பதால் அதுவும் தாமதமாகும். அதன் பின்னால் வரும் வண்டியும் நிற்கும். உள்ளே இடம் கிடைக்காதவர்கள் படியில் தொங்குவார்கள். ஸ்லோ லைன் வண்டி ஃபாஸ்ட் லைனில் வரும் என்று கடைசி நிமிடத்தில் அறிவித்தால், பையும் பிள்ளையுமாக நிற்பவர்கள் நடைமேம்பாலம் ஏறி இறங்கி ஓட வேண்டும். அவசரத்தில் தண்டவாளத்தில் இறங்கிக் கடப்பவர்களும் உண்டு.

2018 ஜூலை 24 அன்று நடந்ததும் இப்படித்தான். மின்கம்பிக் கோளாறால் புறநகர் ரயில்கள் விரைவுப் பாதையில், அதாவது ஃபாஸ்ட் லைனில், திருப்பி விடப்பட்டன. நெரிசலில் படியில் நின்றவர்கள் பரங்கிமலை நிலையத்தில் கான்கிரீட் சுவரில் மோதி உயிரிழந்தார்கள். படியில் நிற்காதே என்று எச்சரிப்பதும் அபராதம் போடுவதும் நிர்வாகத்தின் கடமையில் ஒரு பகுதிதான். படிக்குத் தள்ளப்படாதபடி வண்டி ஓட்டுவது அதைவிடப் பெரிய கடமை.

நாங்கள் கோருவது

1. ஒவ்வொரு வழித்தடத்திலும் எத்தனை புறநகர் ரயில்கள் ரத்தாயின, எத்தனை தாமதமாயின என்ற கணக்கை ரயில்வே மாதந்தோறும் வெளியிட வேண்டும். கடைசி நிலையத்தை எட்டிய நேரம் மட்டும் போதாது. இடைநிலையங்களின் கணக்கும் வேண்டும்.

2. 2025 ஏப்ரல் 19 அன்று கடற்கரை–செங்கல்பட்டு தடத்தில் ஓடத் தொடங்கிய ஏசி ரயிலை வரவேற்கிறோம். பெரம்பூர் ஐ.சி.எஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் உருவான வண்டி அது. ஆனால் அதன் குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய். பீக் ஹவரில் சாதாரண வண்டி ஒன்றை எடுத்துவிட்டு அந்த நேரத்தில் ஏசி வண்டி விடுவதை ஏற்க மாட்டோம். ஏசி ரயில்கள் கூடுதல் சேவையாகவே வர வேண்டும்.

3. 2025 ஜூன் 9 அன்று மும்பையின் மும்ப்ராவில் படியில் சென்றவர்கள் விழுந்து இறந்த பிறகு, அந்நகருக்கு ஏசி இல்லாத ரயில்களிலும் காற்றோட்ட வசதியுடன் தானியங்கிக் கதவு அமைப்பதாக ரயில்வே அறிவித்தது. சென்னைக்கும் இதே ஏற்பாடு வேண்டும்.

4. பராமரிப்புக்காகச் சேவையை நிறுத்தும்போது முன்னறிவிப்பும், சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமமான கும்டா வழியாக மாற்றுப் பேருந்தும், சீசன் பாஸுக்குக் கால நீட்டிப்பும் தர வேண்டும். கடற்கரை–எழும்பூர் நான்காவது பாதைப் பணிக்காகக் கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே பறக்கும் ரயில் 2023 ஆகஸ்ட் 27 முதல் நிறுத்தப்பட்டது. ஏழு மாதம் என்றார்கள். திரும்ப ஓடியது 2024 அக்டோபர் 29 அன்று. சொன்ன கெடு தவறினால் காரணத்தையும் புதிய தேதியையும் பொதுவில் அறிவிக்க வேண்டும்.

5. அத்திப்பட்டுக்கு வடக்கே இரண்டே பாதைகளில் எக்ஸ்பிரஸ், சரக்கு, புறநகர் ரயில்கள் எல்லாம் ஓடுகின்றன. எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு லோக்கல் ஓரம் கட்டி நிற்கிறது. இங்கே மூன்றாவது, நான்காவது பாதைகளையும், தாம்பரம்–செங்கல்பட்டு நான்காவது பாதையையும் கெடு வைத்து முடிக்க வேண்டும். பாதை கூடாமல் வண்டி கூடாது.

6. 2016 ஜூன் 24 காலை நுங்கம்பாக்கம் நிலையத்தில் இளம்பெண் ஒருவர் கொலை செய்யப்பட்டபோது அங்கே கண்காணிப்புக் கேமரா இல்லை. எல்லா நிலையங்களிலும் இயங்கும் கேமராவும், நடைமேடை முழுக்க விளக்கும், இரவு நேரத்தில் மகளிர் பெட்டியில் காவலரும் இருக்க வேண்டும்.

முடிவாக

பாதை வேலைக்கு இடைஞ்சல் செய்வது எங்கள் நோக்கம் இல்லை. முறையாக முன்கூட்டிச் சொன்னால் பயணிகள் ஒத்துழைப்பார்கள். நாங்களும் நிலையம் நிலையமாக அவர்களிடம் எடுத்துச் சொல்வோம். ஆறு கோரிக்கைகளில் முதலாவதற்குப் புதிய பாதையோ பெரும் நிதியோ தேவையில்லை. கட்டுப்பாட்டு அறையில் அன்றாடம் பதிவாகும் விவரத்தைப் பயணிகள் முன் வைக்க மனம் இருந்தால் போதும். தெற்கு ரயில்வே அங்கிருந்து தொடங்கட்டும்.