வண்டி கைமாறினால் போதுமா?

கொடைரோடு ரெயில் நிலையத்துக்கு வெளியே வேன்களும் கார்களும் காத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ரெயிலை விட்டு இறங்கியவர்கள் வத்தலக்குண்டு வழியாக மலை ஏறிக் கொடைக்கானல் போகவேண்டும். அதனால்தான் அம்மையநாயக்கனூருக்குக் கொடைரோடு என்றே பெயர் நிலைத்துவிட்டது.

வண்டிகள் மிகுந்த ஊரில் வண்டி வியாபாரமும் நடக்கும். அங்கே ஒரு பழைய வேன் விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண வேன் அல்ல. உள்ளே இரண்டு கட்டில், ஒரு காஸ் அடுப்பு, ஒரு சின்னக் குளியல் அறை! சினிமா நட்சத்திரங்கள் படப்பிடிப்பில் ஓய்வு எடுப்பார்களே, அந்தக் "கேரவன்" மாதிரி.

குடும்பத்தோடு ஊர் சுற்ற நல்ல வண்டி. விலையும் படிந்துவிட்டது. விற்பவர் சொல்கிறார்:

"அண்ணே, வண்டிய எடுத்துட்டுப் போங்க. ஆர்.சி. என் பேர்லயே இருக்கட்டும். பாரத்துல கையெழுத்துப் போட்டுத் தர்றேன். பேரை அப்புறம் மாத்திக்கலாம்."

வாங்குபவருக்கும் மகிழ்ச்சி. இப்போதைக்குச் செலவு மிச்சம், அலைச்சல் மிச்சம். பணம் கை மாறுகிறது. சாவி கை மாறுகிறது. பெயர் மட்டும் மாறவில்லை.

அந்த "அப்புறம்" எப்போது வரும்? பல பேருக்கு அது கோர்ட்டு நோட்டீசோடுதான் வருகிறது!

மாடும் மோட்டாரும்

மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். விலை படிந்ததும் மூக்கணாங்கயிற்றைக் கையில் கொடுப்பார்கள். அதோடு மாடு வாங்கியவருடையது. பெரியவர்கள் கண்ட பழக்கம் அது.

மோட்டார் வண்டிக்கு அந்தப் பழக்கம் செல்லாது. சாவி யார் கையில் இருக்கிறது என்று சட்டம் முதலில் கேட்பதில்லை. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்றுதான் கேட்கிறது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, எவர் பெயரில் வண்டி பதிவாகி இருக்கிறதோ அவரே உரிமையாளர். தவணைக் கடனில் வாங்கிய வண்டி போன்ற சிலவற்றுக்கு மட்டுமே விலக்கு உண்டு.

சுப்ரீம் கோர்ட்டு சொன்னது

வட இந்தியாவில் நடந்த ஒரு வழக்கைக் கேளுங்கள். ஒருவர் தம்முடைய காரை 2007-ம் ஆண்டில் விற்றுவிட்டார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றார். அவர் வேறொருவருக்கு விற்றார். இப்படியே கார் பல கை மாறியது. ஆனால் ஒருவராவது பதிவேட்டில் பெயரை மாற்றவில்லை.

2009-ம் ஆண்டில் அந்தக் கார் பின்பக்கமாக வந்து இரண்டு பேர் மீது மோதியது. ஒருவர் இறந்துபோனார். நஷ்டஈடு யார் கொடுப்பது?

"நான் காரை எப்போதோ விற்றுவிட்டேன். என்னைக் கேட்பது என்ன நியாயம்?" என்றார் முதல் சொந்தக்காரர். ஐகோர்ட்டு அவருடைய பேச்சை ஏற்றுக்கொண்டது. வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2018-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் தீர்ப்பு வந்தது. பதிவேட்டில் பெயர் இருக்கும் முதல் சொந்தக்காரரே பொறுப்பு என்று சுப்ரீம் கோர்ட்டு கூறிவிட்டது!

இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் மகனையோ கணவனையோ பறிகொடுத்த ஏழைத் தாயை நினைத்துப் பாருங்கள். வண்டியை யார் யாருக்கு விற்றார் என்று அவள் ஊர் ஊராகத் தேடி அலைய முடியுமா? அந்தச் சுமையை அவள் தலையில் ஏற்றக்கூடாது என்பதுதான் தீர்ப்பின் அடிப்படை. அதில் தர்மம் இருக்கிறது.

விற்றவருக்கு இது பாடம். வண்டியை விற்றாலும் பெயரை விற்காதவரை பாரம் இறங்காது. சிக்னலைத் தாண்டினால் அபராதச் சீட்டு விற்றவர் பெயருக்கே வரும். அந்த வண்டியில் கள்ளச் சரக்குக் கடத்தினால் போலீஸ் முதலில் தட்டுவதும் அவர் வீட்டுக் கதவைத்தான்.

வாங்கியவருக்கு லாபமா?

அவருக்கும் இல்லை. பணம் கொடுத்தவர் அவர். ஆனால் ஏட்டில் வண்டி வேறொருவருடையது. விற்றவர் இறந்துவிட்டால் வாரிசுகளின் கையெழுத்துக்கு அலைய வேண்டும். அவர் ஊரை விட்டுப் போய்விட்டால் தேடிப் பிடிக்க வேண்டும். கையெழுத்துப் போட்டு வாங்கிய பாரம் பெட்டியில் கிடந்து பழுப்பு ஏறும். காரியத்துக்கு உதவாது.

இன்ஷூரன்ஸ் விஷயம் இன்னும் முக்கியம். வண்டி விற்பனையாகும்போது, மற்றவர்களுக்கு நேரும் விபத்துக்கான காப்பீடு வாங்கியவருக்கு மாறியதாகவே சட்டம் கருதுகிறது. ஆனால் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு அப்படித் தானாக மாறாது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு 14 நாளுக்குள் எழுதிப் பெயரை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வண்டி எரிந்துபோனாலும் களவு போனாலும் கையை விரித்துவிடுவார்கள்.

கேரவன் என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. கம்பெனியிலிருந்து வந்தபோதே அது கேரவனா? அல்லது சாமான் ஏற்றும் வேனில் கட்டிலும் அடுப்பும் பிறகு வைத்தார்களா? வண்டியின் அமைப்பை மாற்றினால் பதிவு அதிகாரியின் அனுமதி பெற்று, அதை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். ஏட்டில் ஒன்று, ரோட்டில் ஒன்று என்று இருந்தால் வில்லங்கம்தான். காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் கேரவனுக்கு என்ஜின் இல்லையே என்று நினைக்க வேண்டாம். நம் சட்டப்படி டிரெயிலரும் மோட்டார் வாகனமே!

இங்கிலாந்தில் கதை வேறு. அங்கே காருக்குப் பின்னால் இழுக்கும் கேரவனுக்கு அரசாங்கப் பதிவு கிடையாது. கேரவன் தொழில் நடத்துபவர்களே 1992-ம் ஆண்டு முதல் ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். விரும்பியவர்கள் பெயரை எழுதிக்கொள்ளலாம். பழைய கேரவன் திருட்டு வண்டியா, நல்ல வண்டியா என்று தெரிந்துகொள்ள அங்கே அந்த ஏட்டைப் புரட்டுகிறார்கள். கட்டாயம் இல்லாத ஊரிலேயே ஏட்டின் அருமை தெரிந்திருக்கிறது. கட்டாயம் உள்ள நாம் அலட்சியமாக இருக்கலாமா?

என்ன செய்ய வேண்டும்?

விற்பவர் 29-ம் எண் பாரத்தில் விற்பனையை 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் தாம் குடியிருக்கும் பகுதியின் அலுவலகத்துக்கு 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். பெயர் மாற்ற மனுவுக்கு 30-ம் எண் பாரம். கொடைரோடு திண்டுக்கல் மாவட்டத்து ஊர், இந்த மாவட்டத்துக்கு "டி.என். 57" என்ற எண் வண்டிகளில் இருப்பதை எல்லோரும் அறிவார்கள். "பரிவாகன்" இணையதளத்திலும் மனுப் போடலாம்.

முன்பணம் கொடுக்குமுன் இவற்றைப் பாருங்கள்:

ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா?

கடன் பாக்கி உண்டா? கடன் கொடுத்த கம்பெனியின் பெயர் ஆர்.சி.யில் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான 35-ம் எண் பாரத்தை வாங்குங்கள்.

வரி, இன்ஷூரன்ஸ், அபராதம் எல்லாம் சரியா?

வேறு மாநிலத்து வண்டியா? அப்படியானால் அந்த மாநிலத்தின் ஆட்சேபணை இல்லாச் சான்று வேண்டும். நம் மாநில வரியையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு விலை பேசுங்கள்.

பழைய வண்டி வியாபாரிகளுக்கும் 2023-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி முதல் புதிய விதி இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்து, முறைப்படி இணையதளத்தில் பதிந்துவிட்டால், அன்று முதல் அந்த வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். "அங்கீகாரம் இருக்கிறதா?" என்று கேட்கத் தயங்காதீர்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குடும்பத் தலைவர் இறந்துவிட்டால், வண்டியை வைத்து ஓட்ட விரும்பும் வாரிசு 30 நாளுக்குள் தகவல் கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்தால் மூன்று மாதம் வரை ஓட்டலாம். அதற்குள் 31-ம் எண் பாரத்தில் மனுக் கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். துக்கத்தில் இதை மறந்துவிடக்கூடாது.

அலைச்சல் உண்மைதான்

"ஒரு கையெழுத்துக்கு மூன்று நாள் கூலி போகிறதே, தரகருக்கும் அழவேண்டி இருக்கிறதே" என்று வண்டி ஓட்டிப் பிழைப்பவர்கள் சொல்வதை நாம் தள்ளிவிடவில்லை. எழுத்து வாசனை குறைந்தவர்கள் இணையதளத்தை எப்படித் திறப்பார்கள்? பெயர் மாற்றத்துக்கு வருகிறவர்களுக்குப் பாரம் எழுதிக் கொடுக்க ஒவ்வொரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் ஓர் ஆளை உட்கார வைக்கவேண்டும். சட்டம் கட்டாயம் என்றால், அதன் வழியும் எளிதாக இருக்க வேண்டும். இதை அரசாங்கம் செய்யவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஆனால் அதுவரை காத்திருக்க வேண்டாம். நிலம் வாங்கினால் மூலப் பத்திரம் கேட்கிறோம், வில்லங்கம் பார்க்கிறோம், பட்டா மாற்றுகிறோம். பல லட்ச ரூபாய் போட்டு வண்டி வாங்கும்போது மட்டும் வாய்ச்சொல்லை நம்பலாமா? பெயரை மாற்ற ஒப்புக்கொண்டால் மட்டும் முழுப் பணத்தையும் கொடுங்கள். பெயர் மாறிய ஆர்.சி.யைக் கண்ணால் பார்த்த பிறகு, கேரவனில் குடும்பத்தை ஏற்றிக் கொடைக்கானலுக்குப் புறப்படுங்கள்.

விற்றவரும் நிம்மதியாகத் தூங்குவார். வாங்கியவரும் நிம்மதியாக ஓட்டுவார்.