கட்டளை முடிந்ததா, காரியம் முடிந்ததா?

வினைமுற்றுப் பெற்ற வாக்கியமெல்லாம் மெய்யாகாது என்பதை இலக்கணம் கற்பிப்போர் நன்கறிவர். ‘பாடம் எழுதினேன்’ என்பான் மாணவன். கொப்பியைத் திறந்தால் வெறுந்தாள் இருக்கும். கணினிக்கு எழுதும் கட்டளைத் தொகுப்புகளிலும் இக்குறை உண்டு. நம் மாணாக்கர் பலர் இன்று ஷெல் என்னும் கட்டளைமொழியைப் பயில்கின்றனராதலின், அதுபற்றிச் சிறிது கூற விழைகின்றேன்.

யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்லும். பூச்சியமெனின் வெற்றி, 1 முதல் 255 வரையுள்ளவை வெற்றியன்மையைக் குறிக்கும். பரீட்சையிற் பூச்சியம் பெற்று வருந்தியோர்க்கு இது விந்தையே! வெற்றி ஒருவகையது, தவறுதற்கோ காரணம் பல. 127 எனின் அப்பெயரிற் கட்டளையே இல்லை. 126 எனின் கட்டளை உண்டு, இயக்க இயலவில்லை. டாலர்க் குறியையும் வினாக்குறியையும் சேர்த்தெழுதி அவ்வெண்ணைக் கேட்டறியலாம். ஆனால் உடனே கேட்டல் வேண்டும். இடையில் ‘முடிந்தது’ என்று திரையில் எழுதும் கட்டளையைச் செருகினால், அவ்வாறு எழுதியதன் வெற்றியே விடையாகக் கிட்டும்.

ஒரு கோப்புறைக்குட் சென்று அங்குள்ளவற்றை அழிக்குமாறு இரு வரிகள் எழுதுகிறோம். கோப்புறை இல்லை, முதல்வரி தோற்கிறது. ஷெல் நில்லாது, இருந்த இடத்திலுள்ளவற்றையே இரண்டாம் வரி அழித்துவிடும். நம் மலைநாட்டு ஒற்றை இருப்புப்பாதையில், டேப்லட்டைக் கையிற் பெறாமற் சாரதி புகைவண்டியைச் செலுத்தாமை நெடுங்கால வழக்கு. இரு கட்டளைகளுக்கிடையே ஆம்பர்சண்ட் குறி இரண்டை இடுவதும் அத்தகையதே: முன்னது வென்றாலன்றிப் பின்னது நடவாது.

2017 ஜனவரி 31இல் கிட்லாப் நிறுவனத்தின் தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டது. காப்புப்பிரதியைத் தேடினர், இல்லை. பிரதியெடுக்கும் கட்டளை, தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாமையால் தோற்றவண்ணமே இருந்திருக்கிறது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவரை அடையவில்லை. ஏறத்தாழ ஆறு மணிநேரத் தரவு போயிற்று. கட்டளை உண்மையைச் சொல்லிற்று, கேட்பார்தாம் இல்லை.

தொகுப்பின் தலையில் ‘செட் இ’ என்று எழுதிவிட்டால், தோல்வி கண்டவுடன் ஷெல் தானே நின்றுவிடும், அதுவே போதும் என்பாருமுளர். எனக்கு அது முழுதும் உடன்பாடன்று. சொல் தேடும் ‘கிரெப்’, தேடியது அகப்படாவிடின் 1 என்னும். பிழை நேர்ந்தால் 2 என்னும். முன்னது வெறும் ‘இல்லை’, பின்னதே கேடு. இவ்விரண்டையும் பிரித்தறிதல் எழுதுவோன் கடமையேயன்றி ஷெல்லின் கடமையன்று.

கண்டியிலும் பேராதனையிலும் இத்துறையிற் பணிபுரியும் பழைய மாணவர்கள், கட்டளை எழுதக் கற்பிக்கும் அன்றே அதன் முடிவெண்ணைக் கேட்கவும் நம் மாணாக்கர்க்குக் கற்பிக்க முன்வரல் வேண்டும். பழைய மாணவர் பதிவேடு இரவுதோறும் தானே பிரதியெடுக்கப்படுமாயின், நேற்றிரவு அது எந்த எண்ணோடு முடிந்ததென்று நாளைக் காலையே ஒருவர் பார்ப்பாராக.