டாக்டர் படிப்புக்கான உயிரியல் பரீட்சை எதைச் சோதிக்கிறது?

மும்பை: டாக்டர் படிப்புக்கு ஆசைப்படும் பிள்ளைகள் எழுத வேண்டிய 'நீட்' பரீட்சைக்கு மொத்தம் 720 மார்க். இதில் சரிபாதி, அதாவது 360 மார்க், உயிரியலுக்கு உரியது. இயற்பியலும் வேதியியலும் சேர்ந்து மற்ற பாதி.

2025-ம் ஆண்டு முறைப்படி 180 கேள்விகள், 180 நிமிடம். அவற்றில் உயிரியல் 90. சரியான விடைக்கு 4 மார்க் கூடும். தவறான விடைக்கு 1 மார்க் குறையும். அந்த ஆண்டு பரீட்சை எழுதியவர்கள் 22 லட்சத்துக்கும் மேல். தகுதி பெற்றவர்கள் 12 லட்சத்து 36 ஆயிரம் பேர். ஆனால் நாடு முழுவதும் எம்.பி.பி.எஸ். இடங்கள் 2024-25-ல் ஏறத்தாழ 1 லட்சத்து 18 ஆயிரம்தான். 'பாஸ்' என்று சொல்லி லட்டு கொடுத்த வீடுகளில் பத்துக்கு ஒன்பது வீட்டில் டாக்டர் சீட்டு கிடைக்கவில்லை என்று பொருள்.

பாடத்திட்டம் 11, 12-ம் வகுப்புக்கு உரியது. செல், மரபியல், பரிணாமம், ஒளிச்சேர்க்கை, மனித உடல் இயக்கம், சூழலியல் என்று போகிறது. நம் ஊரில் மூத்தவர்கள் பி.யு.சி.யில் படித்த பாடங்களின் வளர்ந்த வடிவம் இது. இங்கே மராட்டியத்தில் 11-ம் வகுப்பையே 'ஜூனியர் காலேஜ்' என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே கல்லூரி வாசலில் நிற்கும் பிள்ளைக்கு உயிரியலின் அடிப்படை புரிந்திருக்கிறதா என்று பார்ப்பதே இந்தப் பரீட்சையின் வேலை. அந்த வேலையை அது செய்கிறதா என்பதே நம் கேள்வி.

இதை எழுதுகிறவன் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். உயிரியல் பண்டிதன் அல்ல. ஆனாலும் ஆறு மாதமாக ராத்திரி வேளையில் உயிரியல் கேள்விகளைச் சத்தம் போட்டு வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

மரத்தின் எடை எங்கிருந்து?

எங்கள் சாலில் கீழ்த்தளத்தில் இருக்கும் அண்ணாச்சி, விடிகாலையில் சைக்கிளில் இட்லி கொண்டு போய் விற்பவர். திருநெல்வேலிப் பக்கம். அவர் மகள் ஏழாம் வகுப்பு வரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தாள். பிறகு ஆங்கில வழி. இப்போது 12-ம் வகுப்பு. கோச்சிங் சென்டருக்குக் கட்டப் பணம் இல்லை. பழைய வினாத்தாள்களை நான் வாசிக்க, அவள் விடை சொல்வாள். பத்தில் எட்டு சரியாக இருக்கும்.

ஒரு நாள் விளையாட்டாக ஒரு கேள்வி கேட்டேன். "வேப்பங்கொட்டை ஒரு கிராம்கூட இருக்காது. அது மரமாகி நிற்கும்போது நூற்றுக்கணக்கான கிலோ. அந்த எடை எங்கிருந்து வந்தது?"

"மண்ணிலேயிருந்துதான் மாமா" என்றாள். தயங்கவே இல்லை.

அதற்குப் பத்து நிமிடம் முன்புதான் ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டை மூச்சு விடாமல் ஒப்பித்திருந்தாள். கரியமில வாயுவும் தண்ணீரும் சேர்ந்து சூரிய ஒளியில் சர்க்கரை ஆகிறது என்ற சமன்பாடு. காய்ந்த விறகின் எடையில் பெரும்பகுதி காற்றிலிருந்த அந்தக் கரியமில வாயுவிலிருந்து வந்தது. மண் கொடுத்தது மிகக் கொஞ்சம். விடை அவள் வாயிலேயே இருந்தது. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்படி அதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

மறுநாள் ஆபீசில் இதே கேள்வியைப் போட்டேன். பி.எஸ்சி. படித்தவர்கள் இருவர் உட்பட எல்லாருமே "மண்" என்றார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பெல்ஜியம் நாட்டு வான் ஹெல்மாண்ட் என்பவர் தொட்டியில் 200 பவுண்டு மண்ணை நிரப்பி, 5 பவுண்டு எடையுள்ள ஒரு மரக்கன்றை நட்டு, ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆயிற்று. மண்ணில் குறைந்தது சுமார் இரண்டு அவுன்சு! மண் இல்லை என்று கண்டுகொண்ட அவரும் "அப்படியானால் எல்லாம் தண்ணீர்தான்" என்று முடிவு கட்டிவிட்டார். காற்றை அவரும் விட்டுவிட்டார். அவர் எழுதியது 1648-ல், அவர் இறந்த பிறகு அச்சானது.

இப்படிப்பட்ட தவறான எண்ணம் மனதில் ஆழமாக உட்கார்ந்திருக்கும். மேலே எத்தனை பாடத்தை அடுக்கினாலும் அடியில் அது அசையாது. அதைத் தோண்டி எடுப்பதே நல்ல பரீட்சை.

வரிக்கு வரி

'நீட்' உயிரியல் தாளில் பெரும்பாலும் வருவது வேறு வகை. இரண்டு வாக்கியம் கொடுத்து எது சரி என்பார்கள். இடது பக்கம் நாலு பெயர், வலது பக்கம் நாலு விஷயம், பொருத்து என்பார்கள். மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. பாடப் புத்தகத்தில் உள்ள வாக்கியத்தில் ஒரு சொல்லை மாற்றி வைத்திருப்பார்கள். புத்தகத்தை வரிக்கு வரி நெட்டுருப் போட்டவனுக்கு அது உடனே தெரியும். பிரீஸ்ட்லி மணிச் சாடிக்குள் எலியையும் புதினாச் செடியையும் வைத்துச் செய்த சோதனை பாடத்தில் இருக்கிறது. செடி புதினா என்பது தெரிந்தால் மார்க். அந்தச் சோதனை ஏன் நமக்கு முக்கியம் என்பது தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் ஒன்றுதான்.

புத்தகத்தின் வரிக்கு எவ்வளவு அதிகாரம் என்பதை 2024-ல் நாடே பார்த்தது. அது இயற்பியல் கேள்வி, அணுக்களைப் பற்றியது. பழைய பதிப்பில் ஒரு மாதிரியும் புதிய பதிப்பில் வேறு மாதிரியும் இருந்ததால், இரண்டு விடைக்கும் மார்க் கொடுத்தார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. டெல்லி ஐ.ஐ.டி. நிபுணர்கள் பார்த்து, விடை ஒன்றே ஒன்றுதான் என்று அறிக்கை கொடுத்தார்கள். 720-க்கு 720 வாங்கி முதலிடத்தில் இருந்த 61 பேர் 17 ஆகக் குறைந்தார்கள். அணு எப்படி இருக்கிறது என்பதைவிட, எந்த வருடத்துப் புத்தகத்தை வாங்கினாய் என்பதே அதுவரை விடையாக இருந்தது.

எனக்கும் இந்த அனுபவம் உண்டு. இலாகா பரீட்சைக்கு விதி எண்களை மனப்பாடம் செய்து நல்ல மார்க்கில் பாஸ் செய்தவன் நான். முதல் நாள் கவுண்டரில் ஒரு பெரியவர் பாதி வழியில் ரத்தான பயணத்தின் டிக்கெட்டோடு வந்து நின்றபோது திருதிருவென்று விழித்தேன்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். எல்லாக் கேள்வியும் நெட்டுரு அல்ல. 'ஏ' ரத்த வகைத் தந்தைக்கும் 'பி' ரத்த வகைத் தாய்க்கும் 'ஓ' வகைக் குழந்தை பிறக்குமா என்பது போன்ற மரபியல் கணக்குகள் வருகின்றன. பிறக்கும், ஆனால் ஏன் என்று புரிந்திருந்தால்தான் போட முடியும். அத்தகைய கேள்விகள் இன்னும் கூடுதலாக வேண்டும் என்பதுதான் நம் அபிப்பிராயம்.

தவறிலிருந்து பிறக்கும் கேள்வி

அமெரிக்கக் கல்லூரிகளில் இதற்கென்றே ஒரு முறையை வளர்த்திருக்கிறார்கள். 1992-ல் இயற்பியலில், விசை என்றால் என்ன என்பதைச் சோதிக்கும் வினாத்தாள் ஒன்று வந்தது. உயிரியலுக்கும் அது பரவியது. 2002-ல் இயற்கைத் தேர்வு பற்றி 20 கேள்விகள் கொண்ட ஒன்று வெளியானது. பின்னர் மரபியலுக்கும் வந்தது.

இவற்றைத் தயாரிக்கும் விதம்தான் முக்கியம். முதலில் மாணவர்களோடு உட்கார்ந்து பேசுகிறார்கள். அவர்கள் எதை எப்படித் தவறாக நினைக்கிறார்கள் என்பதை அவர்கள் சொல்லும் சொற்களிலேயே குறித்துக்கொள்கிறார்கள். பிறகு அந்தத் தவறுகளையே வினாத்தாளில் பிழையான விடைகளாக வைக்கிறார்கள். நம் வேப்பமரக் கேள்வியில் "மண்" என்ற விடை இருப்பது போல. பையன் எதைக் குறிக்கிறான் என்று பார்த்தாலே அவன் எந்த இடத்தில் வழி தவறினான் என்று வாத்தியாருக்குத் தெரிந்துவிடும். பாடம் நடத்துவதற்கு முன் ஒரு தடவை, நடத்திய பின் ஒரு தடவை கொடுத்துப் பார்க்கிறார்கள். சில சமயம் மாணவனை விட வாத்தியாருக்குத்தான் முகம் வாடுகிறது.

இது ஏன் நமக்கு முக்கியம்? டி.பி. நோயை எடுத்துக்கொள்ளுங்கள். தாராவியிலும் கோவண்டியிலும் இந்த நோயைப் பார்க்காத சந்து இல்லை. சாதாரண டி.பி.க்கு ஆறு மாதம் மாத்திரை. இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும், உடம்பு தேறிவிட்டது, வேலைக்குப் போக வேண்டும் என்று நம் ஆள் நிறுத்திவிடுகிறான். பிறகு நோய் திரும்புகிறது. பழைய மருந்து கேட்பதில்லை. ஏன்?

"கிருமிக்கு மருந்து பழகிவிட்டது" என்போம். நாம் குடிக்கும் டீ நமக்குப் பழகுவது போல. இது தவறு. கோடிக்கணக்கான கிருமிகளில் ஏதோ ஒரு சிலவற்றுக்குத் தற்செயலான மாற்றத்தால் மருந்தைத் தாங்கும் சக்தி முன்பே இருக்கிறது. மருந்து மற்றவற்றைக் கொல்கிறது. அரைகுறையாக நிறுத்தினால் தாங்கும் கூட்டம் பிழைத்துப் பெருகுகிறது. அதுவே பக்கத்துக் கோலிக்கும் பரவுகிறது. டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வு இதுதான். இயற்கைத் தேர்வின் விளக்கத்தை ஒப்பித்து 4 மார்க் வாங்கிய டாக்டர், நம் சந்தில் உட்கார்ந்து இதைப் பத்து வரித் தமிழில் சொல்ல முடியவில்லை என்றால் அந்த 4 மார்க் யாருக்கு உபயோகம்?

ஆனால் கோச்சிங் சென்டர்காரர்கள் இருக்கும்வரை எந்தப் புதுவகைக் கேள்வியையும் அடுத்த வருடமே அச்சடித்து விற்றுவிடுவார்கள் என்பதும் உண்மை. அமெரிக்கக் கல்லூரியில் அந்த வினாத்தாள் சீட்டு கொடுப்பதற்காக அல்ல. 22 லட்சம் பேரை ஒரே நாளில் வரிசைப்படுத்த வேண்டும் என்றால், வரியைப் பிடித்துக் கேட்பதுதான் அதிகாரிக்குச் சுலபம். வழக்கு வந்தால் புத்தகத்தைக் காட்டிவிடலாம்.

இன்னொன்றும் உண்டு. அண்ணாச்சி மகளுக்கு இயற்பியல் கணக்கு சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. உயிரியல்தான் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு ராத்திரி விளக்கில் தானே ஜெயிக்கக்கூடிய பாதி. நெட்டுருவை ஒரேயடியாக எடுத்துவிட்டால் முதலில் அடிபடுவது அவளைப் போன்றவர்கள்தான். ஆகவே 90-ல் ஒரு 20, 30 கேள்வியையாவது தவறான எண்ணங்களைத் தோண்டும் கேள்வியாக வைத்து, அவை எந்தப் பாடத்திலிருந்து வரும் என்பதை முன்கூட்டியே அறிவிக்கலாம். பள்ளி வாத்தியார்களும் அப்போது அப்படிக் கேட்கத் தொடங்குவார்கள்.

தமிழ் வினாத்தாள்

2021 முதல் இந்தப் பரீட்சையை 13 மொழிகளில் எழுதலாம். தமிழும் அதில் உண்டு. ஆனால் 2025-ம் ஆண்டு விதிப்படி தமிழ் வினாத்தாள் கிடைக்கும் இடங்கள் தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் நிக்கோபார் மட்டுமே. இந்தியும் உருதும் நாட்டின் எல்லா மையத்திலும் கிடைக்கும். மும்பையில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ்த் தாள் வேண்டும் என்றால் ரயில் ஏற வேண்டும்.

டிக்கெட் விஷயம் என்பதால் இதை நான் அழுத்திச் சொல்லலாம். ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் தொடங்குகிறது. 2025-ல் பரீட்சை மே 4-ந்தேதி. எந்த ஊரில் மையம் என்ற தகவல் வந்தது ஏப்ரல் கடைசி வாரத்தை ஒட்டி. மே மாத விடுமுறையில் சென்னை வண்டியிலும் நாகர்கோவில் வண்டியிலும் அந்த நேரத்தில் வெயிட்டிங் லிஸ்ட் எவ்வளவு நீளம் என்று வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊரில் பாட்டி வீட்டில் தங்கித் தமிழில் படித்துவிட்டு, பரீட்சைக்கு முன் இங்கே அப்பாவிடம் வந்து சேர்ந்த பிள்ளைகள் உண்டு. அவர்கள் திரும்பவும் ஒரு நாள் பயணம் செய்து, தூக்கம் கெட்டு, 180 நிமிடத்தில் 180 கேள்விக்கு உட்கார வேண்டும்.

மொழிபெயர்ப்பின் தரம் வேறு. 2018-ல் தமிழ்த் தாளில் 49 கேள்விகளில் பிழை என்று வழக்கு நடந்தது. 'சீட்டா' என்ற விலங்கு 'சீத்தா' ஆகியிருந்தது! தமிழில் எழுதிய 24 ஆயிரத்து 720 பேருக்கு 196 மார்க் வீதம் கொடுக்கும்படி ஐகோர்ட்டு மதுரைக் கிளை ஜூலையில் உத்தரவிட்டது. சுப்ரீம் கோர்ட்டு அதற்குத் தடை விதித்து, நவம்பரில் ரத்து செய்தது. சந்தேகம் வந்தால் ஆங்கில வாசகமே முடிவானது என்பது விதி. ஆங்கிலம் தெரியாததால் தமிழ் கேட்ட பிள்ளையிடம், ஆங்கிலத்தைப் பார்த்துக்கொள் என்கிறது அந்த விதி.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020 முதல் அமலில் உள்ள ஏழரை சதவீத உள் ஒதுக்கீடும் இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு இல்லை. 6 முதல் 12-ம் வகுப்பு வரை அங்கே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். அது அந்த மாநிலத்தின் திட்டம். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் தமிழ்த் தாளை மும்பை, பெங்களூர், டெல்லி மையங்களுக்கும் அனுப்புவது பெரிய காரியம் அல்ல. ஏற்கெனவே அச்சாகும் தாள்தான். விண்ணப்பத்தில் எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. இங்குள்ள தமிழ்ச் சங்கங்களும் நம் பகுதி எம்.பி.க்களும் இதற்கு ஒரு மனு எழுதினால், குமாஸ்தாக்கள் நாம் பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்து வாங்கிக் கொடுக்கலாம்.

அண்ணாச்சி மகள் இப்போது என்னைக் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டாள். "ராத்திரியில் புளியமரத்தடியில் படுக்கக்கூடாது, மரம் கெட்ட காற்று விடும் என்று ஆச்சி சொல்வாளே. பகலில் மரம் மூச்சு விடாதா மாமா?" என்றாள். பகலிலும் விடும், இரவிலும் விடும் என்று புத்தகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். "அப்போ பகலில் மட்டும் எப்படிப் பிராணவாயு வெளியே வருகிறது?" என்று அடுத்த கேள்வி போட்டுவிட்டாள். மூச்சில் செலவாவதைவிட ஒளிச்சேர்க்கையில் உண்டாவது அதிகம் என்று அவளே நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். விடிகாலை மூன்று மணிக்கு இட்லி மாவு ஊற்ற அம்மாவுக்கு அவள் கூட எழுந்திருக்க வேண்டும் என்பதால் அன்றைக்கு அத்தோடு நிறுத்தினோம்.