பல் பட்டால் விளையாட்டு நிற்கட்டும்

மொரகஹகந்தத் திட்டத்தின் வேலைகள் 2007இல் ஆரம்பமாகின. 2017இல் அம்பன் கங்கையின் நீர் அங்கே தேங்கத் தொடங்கியது. நாவுல, லக்கல பகுதிகளின் விவசாயக் குடும்பங்கள் பல, வயலையும் சேனையையும் விட்டுப் புதிய குடியிருப்புகளுக்குப் போயின. காணி, நீர், நட்டஈடு என்று பேசவேண்டியவை எவ்வளவோ இருக்க, நாயைப் பற்றி எழுதுவதா என்று சிலர் கேட்கலாம். அந்த நாய் நிற்கும் வளவில்தான் எமது பிள்ளைகளும் விளையாடுகிறார்கள். ஆகவே எழுதுகிறேன்.

சேனையில் நாய்க்கு வேலை இருந்தது. பகலில் எமக்குப் பின்னால் ஓடியது. இரவில் பன்றியைக் குரைத்து விரட்டியது. புதிய இடத்தில் அயல்வீடு கிட்ட இருப்பதால் அதைச் சங்கிலியில் கட்டுகிறோம். நாள் முழுதும் கட்டுண்டு கிடந்த இளம் நாய், அவிழ்த்ததும் ஆள்மேல் பாய்கிறது, கையைக் கவ்வுகிறது, சட்டையைப் பிடித்து இழுக்கிறது. அது கெட்ட நாயல்ல. உடம்பு வளர்ந்த அளவுக்குப் புத்தி வளரவில்லை. பெரிய இன நாய்களுக்கு நிதானம் வர ஒன்றரை, இரண்டு வருடங்கள் செல்லும்.

அடியாத மாடு படியாது என்பார்கள். நாய்க்கு இது பொருந்தாது என்பதே என் கருத்து. அடிபட்ட நாய் மனிதனின் கைக்கு அஞ்சப் பழகும். அஞ்சிய நாய் ஒருநாள் உண்மையாகவே கடிக்கும். நாம் கத்துவதும் கையை வெடுக்கென்று இழுப்பதும் அதற்கு விளையாட்டாகவே தெரியும்.

குட்டிகள் தமக்குள் எப்படிப் பழகுகின்றன என்று பாருங்கள். ஒன்று பலமாகக் கடித்தால் மற்றது வீரிட்டு விலகிவிடும், விளையாட்டு முடிந்துவிடும். கடியை அடக்கக் குட்டி கற்பது இப்படித்தான். எட்டு வாரத்துக்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதிருப்பது இதற்காகவும் நல்லது.

நாமும் அதையே செய்யலாம். வெளியே விளையாடும்போது இருபது அடிக் கயிறொன்றைக் கழுத்துப் பட்டியில் மாட்டுங்கள். பல் தோலில் பட்டவுடன் கைகளைக் கட்டி, பேசாமல் திரும்பி நில்லுங்கள். விடாவிட்டால், கயிற்றை மரத்தில் கட்டிவிட்டு எட்டாத தூரத்துக்கு விலகி, அரை நிமிடம் பொறுத்துத் திரும்புங்கள். அமைதியாக நின்றால் மட்டும் விளையாட்டைத் தொடருங்கள். கவ்வுவதற்கு முடிச்சுப் போட்ட சாக்கையோ தடித்த தும்புக் கயிற்றையோ கொடுங்கள். வெயில் ஏறுமுன்னும் மாலையிலும் நன்றாக நடத்திக் கொண்டுபோங்கள். வீட்டார் எல்லோரும் ஒரே விதமாக நடக்கவேண்டும். அப்பா தடுப்பதை அண்ணன் தூண்டினால் நாய் எதையும் கற்காது.

பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். நாய் பாய்ந்தால் ஓடக்கூடாது. கைகளை ஒடுக்கி மரம்போல நிற்கவேண்டும். விழுந்துவிட்டால் சுருண்டு, கழுத்தையும் காதையும் கைகளால் மூடிக்கொள்ளவேண்டும். பெரியவர் பக்கத்தில் இல்லாமல் சிறு பிள்ளையை நாயுடன் விடாதீர்கள். முன்னங்கால்களைத் தாழ்த்தி உடம்பை நெளிக்கும் நாய் விளையாடுகிறது. உடம்பு விறைத்து, கண் வெட்டாமல் பார்த்து உறுமினால் அது விளையாட்டல்ல.

விளையாட்டுக் கீறல்தானே என்று மஞ்சள் பூசிவிட்டு இருந்துவிடக்கூடாது. சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றியபின் உயிர் தப்புவது மிக அரிது. உலகில் விசர்நாய்ச் சந்தேகக் கடிக்கு ஆளாவோரில் நூற்றுக்கு 40 பேர் வரை 15 வயதுக்குக் குறைந்தவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அரச வைத்தியசாலைகளில் இதற்கான சிகிச்சை இலவசம். நாய்க்கும் வருடந்தோறும் தடுப்பூசி போடவேண்டும்.

இடம் மாறியது எமக்கு மட்டுமல்ல, நாய்க்கும்தான். புது வளவில் வாழ நாம் பழகுவதுபோல அதையும் பொறுமையாகப் பழக்குவோம்.